பாதி உட்கார்ந்த மூப்பர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதுவதற்கென்றே மூன்று முறை நோட்டு வாங்கினேன். முதல் நோட்டை என் மகள் பள்ளிக்கு எடுத்துப் போய்விட்டாள். இரண்டாவதில் என் மனைவி ஜெபக் குறிப்புகள் எழுத ஆரம்பித்தாள். மூன்றாவதில் நானே ஒரு பக்கம் எழுதினேன். திருப்பிப் படித்தபோது வெட்கமாக இருந்ததால் மூடி வைத்துவிட்டேன்.

வெட்கத்துக்குக் காரணம் இருந்தது. சபையில் சாட்சி சொல்கிறவர்கள் நோய் தீர்ந்ததைச் சொல்வார்கள், குடியை விட்டதைச் சொல்வார்கள். என் கதையில் அப்படி ஒன்றும் இல்லை. அதில் முக்கியமாக வருவது என் உடம்பின் பின்பக்கம். கர்த்தரை மகிமைப்படுத்த எழுதுகிற சாட்சியில் ஒருவன் தன் பின்பக்கத்தைப் பற்றி எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை. போதகரிடம் கேட்கவும் கூச்சம். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபை தங்கச் சுரங்கம் இருந்த கோரமண்டல் பகுதியில் இருக்கிறது. நாற்பது குடும்பம் இருக்கும். போதகருக்கு நான்கு சபைகள் இருப்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் எங்களுக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்தான் ஆராதனை நடத்த வேண்டும். எனக்கு முன்னால் இருந்த பெரிய மூப்பர் இருபத்தைந்து வருஷம் நடத்தினார். அவர் சுரங்கத்தில் பெல்மேனாக இருந்தவர். பூமிக்குள் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டை இங்கே கேஜ் என்போம். கேஜ் எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று இன்ஜின் ஓட்டுகிறவருக்கு மணியடித்துச் சொல்வதுதான் பெல்மேன் வேலை. சுரங்கத்தை மூடிய பிறகு அவர் பிரசங்க மேடையின் ஓரத்தில் ஒரு சின்னப் பித்தளை மணியை வைத்துக்கொண்டார். அவர் அடித்தால் சபை எழும், அடித்தால் உட்காரும். நீளமாக ஜெபிக்கிறவர் பாதி வார்த்தையில் ஆமென் சொல்வார்.

முட்டி வலி அதிகமானதும் அவர் போதும் என்று சொல்லிவிட்டார். புது மூப்பரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்டார்கள். நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன், ரயிலில் போய் வருகிறேன். அன்று என் ரயில் பங்காருபேட்டைக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. நான் சபைக்குள் நுழையும்போது முடிவு ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில்தான் மனைவி விவரம் சொன்னாள். மூன்று பேரின் பெயரைச் சொன்னார்களாம், மூன்று பேரும் எழுந்து தங்களால் ஏன் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். வராதவர் எழுந்து மறுக்க முடியாது அல்லவா, அதனால் என்னைப் போட்டுவிட்டார்கள்.

நீயாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நான் இன்னா சொல்றது? உங்கள பத்தி நாலு பேர் நல்லதா பேசிக்கினு இருந்தாங்க. எப்பவும் நடக்கறதா அது? கேக்கலாம்னு உக்காந்துட்டேன்" என்றாள்.

ஒரு சபையை எப்படி நடத்துவது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. பெரிய மூப்பரைப் பார்த்துத்தான் வளர்ந்தேன் என்பதால், அவரைப் போலவே செய்தால் போதும் என்று நினைத்தேன். முழுக்கை வெள்ளைச் சட்டை தைத்தேன். அவரைப் போலக் கனைத்துப் பழகினேன். அந்த மணியையும் துடைத்து வைத்தேன்.

இங்கேதான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் மணிக்கு வருஷக்கணக்காக எழுந்து உட்கார்ந்தவன் நான். ஆனால் எத்தனை அடி என்று ஒரு நாளும் எண்ணியதில்லை. பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் நானும் எழுவேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

முதல் ஞாயிறு காலை ஏழு மணி. ஆராதனைக்கு முன்னால் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அமைதியாக்கலாம் என்று மணியை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பியூன் அடிப்பதுபோல விடாமல் அடித்தேன்.

முன்வரிசைகளில் இருந்த சுரங்கத்துப் பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. பெண்களை முதலில் வெளியே அனுப்பினார்கள். பிறகு ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வரிசையாக அவர்களும் போனார்கள். இரண்டு நிமிஷத்தில் முன்பாதி காலி. பின்பக்கம் என்னோடு ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். என் தலைமை இவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதைத்தான் இப்படிக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

வெளியே போய்ப் பார்த்தால் புங்க மரத்தடியில் பெரிய மூப்பர் தலையெண்ணிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு ஐயா?" என்று கேட்டேன்.

"நீதாம்பா சொல்லணும். இன்னா ஆச்சு?" என்றார் அவர்.

பிறகு பொறுமையாக விளக்கினார். ஒரு அடி அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் கீழே இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறது. நிறுத்தாமல் அடித்தால் உள்ளே விபத்து. தலை எண்ணிக்கை சரியாக இருக்கிறது, உள்ளே போய் மூன்று அடி கொடு, வருகிறோம் என்றார். நான் போய் மூன்று அடி கொடுத்தேன். எல்லோரும் ஒழுங்காக வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு நான் அந்த மணியைத் தொடவில்லை.

சிரித்துவிட்டு மறக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் ரயிலில் அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அது பென்ஷன்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. அவர்கள் மனசு நொந்துபோனார்கள். நியாயம்தான். உண்மையாகவே அந்த மணி கேட்டு வெளியே வந்து, ஒரு தலை குறைவாக எண்ணியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

பேச்சு வளர்ந்தது. பாடகர் குழுவை நடத்துகிறவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். அவரும் என்னோடு ரயிலில் போகிறவர்தான். ஏழு மணி ஆராதனையே வேண்டாம் என்று அவர் ஆரம்பித்தார். நைட் ஷிப்ட் முடித்து மேலே வந்தவர்கள் குளித்துவிட்டு நேராகச் சபைக்கு வருவதற்காக வைத்த நேரம் அது. இப்போது ஷிப்டும் இல்லை, சுரங்கமும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் எழுகிறோம், ஞாயிறாவது தூங்குகிறோம், பத்து மணிக்கு வையுங்கள் என்றார். பென்ஷன்காரர்கள் முடியாது என்றார்கள். உள்ளூர நானும் பத்து மணிக் கட்சிதான். மூப்பராக இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

சபை இரண்டாகிவிட்டது. ஏழு மணிக்கு ஒரு கூட்டம் வந்து வாத்தியம் இல்லாமல் பாடும். பத்து மணிக்கு இன்னொரு கூட்டம் கிட்டாரோடு வரும், ஆனால் வேதபாடம் வாசிக்க ஆள் தேடும். சாவி என்னிடம் இருந்ததால் நான் இரண்டு முறை கதவைத் திறந்து இரண்டு முறை பூட்டினேன்.

அந்த மாதம் வந்த போதகர் இதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அடுத்த மாசம் ஒன்பது மணிக்கு வருவேன் பிரதர். எல்லாரும் ஒண்ணா இருந்தா சபை இங்க இருக்கும். இல்லன்னா பக்கத்துல சாம்பியன் ரீப்ஸ் சபையோட சேர்த்துடச் சொல்லி கடிதம் எழுதிடுவேன். இங்க பண்டிகைக்கு மட்டும் தெறந்துக்கலாம்" என்றார்.

எங்களுக்கெல்லாம் பைக் இருக்கிறது, சாம்பியன் ரீப்ஸ் போய்விடலாம். பெரிய மூப்பருக்கு வீட்டிலிருந்து சபைக்கு வருகிற நூறு அடிக்கே இரண்டு முறை நிற்க வேண்டியிருக்கிறது. இந்தக் கதவை மூடினால் அவருக்கு இனி ஞாயிறே கிடையாது. அவரைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என் கல்யாணம் நடந்த இடத்தை நான் மூப்பராக இருக்கும்போது பூட்டினார்கள் என்று எனக்கும் பெயர் வரும்.

போதகர் என் மேல் இரக்கப்பட்டு, பங்காருபேட்டையில் ஒரு சனிக்கிழமை நடந்த தலைமைத்துவப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார். அங்கே நாற்பது கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்தார்கள். எசேக்கியேல் கண்ட தரிசனத்தில் வருகிற நான்கு முகங்களைப் போலத் தலைவர்களும் நான்கு வகையாம். சிங்கம், எருது, கழுகு, மனுஷன். கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கூட்டினால் கர்த்தர் நம்மை எந்த வகையாகப் படைத்தார் என்று தெரிந்துவிடும். நான் ஒவ்வொரு கேள்வியையும் உண்மையாக யோசித்து, நாற்பதுக்கும் 'சில சமயம்' என்று டிக் போட்டேன். பயிற்சி கொடுத்தவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். நான்கும் சமமாக வந்தது. அவர் இதுவரை அப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லையாம். உங்களுக்கு எது பிடித்திருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள் பிரதர் என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

நான் சிங்கத்தை எடுத்துக்கொண்டேன்.

மனைவி கேட்டாள்: "எருது எடுக்கக் கூடாதா? வூட்டுக்காவது உபயோகமா இருக்கும்."

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு இரண்டு நாள் குரலைப் பழக்கினேன். மூன்றாம் நாள் ரயில் நிலையத்தில் சகலையைப் பார்த்து, இனிமேல் ஆராதனை எட்டரை மணிக்கு, இது என் முடிவு என்று கர்ஜித்தேன். அவர் என் கழுத்தையே பார்த்தார்.

"இன்னாண்ணே, தொண்டை கட்டிக்கிச்சா? சுக்குக் காபி குடிங்க" என்றார்.

பெரிய மூப்பர் வீட்டுக்கும் போய் அதே குரலில் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். சரி தம்பி, நீ எட்டரைக்கு வா, நாங்கள் ஏழுக்கு வந்துவிட்டுப் போய்விடுகிறோம் என்றார்.

அந்த ஞாயிறு எட்டரை மணிக்கு நான், என் மனைவி, சபையைப் பெருக்குகிற அம்மா, மூன்று பேர். அந்த அம்மாவும் பெருக்கி முடிக்காததால் இருந்தார்கள். நான் அரை மணி நேரம் சிங்கமாகவே பிரசங்கம் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, இரண்டு பேருக்கு அவ்வளவு சத்தம் தேவையா என்று மட்டும் கேட்டாள்.

அதோடு சிங்கம் போயிற்று. மிச்சமிருந்த நாட்களில் ஜெபம்தான் செய்தேன். பெரிய ஜெபம் ஒன்றும் இல்லை. ஆண்டவரே, தெரியாமல் தப்பான ஆளைப் பிடித்துவிட்டீர்கள், அன்று ரயில் லேட் என்பதால் வந்த வினை இது என்றுதான் சொன்னேன்.

போதகர் வருகிற ஞாயிறு வந்தது. பென்ஷன்காரர்கள் வழக்கம்போல ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். வந்தவர்கள் சும்மா உட்காரவில்லை. ஒரு பெஞ்சுக்கு மூன்று பேராகப் பரவி உட்கார்ந்து, இடையில் வேதாகமம், பாட்டுப் புத்தகம், கண்ணாடிக் கூடு எல்லாம் வைத்தார்கள். ஆள் இல்லாத கடைசி மூன்று பெஞ்சிலும் கைக்குட்டை போட்டு வைத்தார்கள். பத்து மணிக்காரர்கள் வந்தால் நிற்கட்டும் என்று எண்ணம்.

ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது மற்றவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். கதவு வரை வந்து உள்ளே பார்த்துவிட்டு மரத்தடிக்கே திரும்பிவிட்டார்கள். சகலை கையில் பைக் சாவி இருந்தது.

"உள்ள எடமில்லண்ணே. அவங்களே வெச்சிக்கட்டும். நாங்க சாம்பியன்லயே போய்ப் பாடிக்கிறோம்" என்றார்.

போதகர் வந்து இதைப் பார்த்தால் அன்றே கடிதம் போய்விடும். அப்போது நான் எதையும் யோசிக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், எனக்கு எந்த யோசனையும் வரவில்லை. நேராக உள்ளே போனேன். முன்வரிசையில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மூப்பர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயா, கொஞ்சம் தள்ளுங்க" என்றேன். சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திராமல், இருந்த இரண்டு விரற்கடை இடத்தில் பாதி உட்கார்ந்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ரயில் மாரிகுப்பத்தில் புறப்படுகிறது. கோரமண்டலுக்கு வருவதற்குள் எல்லா இடமும் நிரம்பிவிடும், மிச்சத்தில் கைக்குட்டை கிடக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ரயிலில் ஏறுகிறேன். ஒரு நாளும் சண்டை போட்டு இடம் பிடித்ததில்லை. ஓரத்தில் இருக்கிறவரிடம் தள்ளுங்க என்று கேட்டுப் பாதி உட்காருவேன். உடம்பில் ஒரு பக்கம் பலகை மேல், மறு பக்கம் காற்றில். கால்தான் எடையைத் தாங்கும். முழுதாக உட்காரப் பார்க்கிறவனை விரட்டுவார்கள். பாதி உட்கார்ந்தவனை யாரும் விரட்டியதில்லை. பார்த்துக்கொண்டே இருக்க அவர்களுக்கே சங்கடமாகிவிடும். ஓரத்துக்காரர் ஒரு அங்குலம் நகர்வார், அவர் நகர்ந்தால் அடுத்தவர் நகர்வார். பங்காருபேட்டை வருவதற்குள் எனக்கு முழு இடம் கிடைத்துவிடும். பிறகு நின்றுகொண்டிருக்கிற இன்னொருவரைக் கூப்பிடுவேன்.

வெள்ளைச் சட்டை போட்ட மூப்பர் நடைபாதையில் தொங்கிக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னா தம்பி இது, இப்டி உக்கார்ற? வுழுந்துடுவ" என்றார் பெரிய மூப்பர்.

"இல்ல ஐயா. பழக்கம்தான். தினமும் ரயில்ல இப்டித்தான் போறேன்."

"தினமுமா?"

"தினமும்தான் ஐயா."

"அதுக்கு எத்தினி மணிக்கு எழுவ?"

"மூணே முக்கால்."

அவர் பக்கத்தில் இருந்த வேதாகமத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தார். அடுத்தவர் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். ஜன்னல் ஓரம் வரை அந்த பெஞ்சு நகர்ந்தது. நான் திரும்பி வாசலைப் பார்த்து, ரயிலில் கூப்பிடுகிற அதே குரலில், "வாங்க, எடம் இருக்குது" என்றேன்.

அந்தக் குரலுக்கு அவர்கள் கால் பழகியிருந்தது. யோசித்திருந்தால் வந்திருக்க மாட்டார்கள். பைக் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சகலை வந்து எனக்கும் பெரிய மூப்பருக்கும் நடுவில் நுழைந்தார். மற்றவர்கள் மற்ற பெஞ்சுகளில் தள்ளுங்க, தள்ளுங்க என்று பாதி பாதியாக உட்கார்ந்தார்கள். ஐந்து பேர் பெஞ்சில் ஏழு பேர். கடைசி மூன்று பெஞ்சும் கைக்குட்டைகளோடு காலியாகவே இருந்தன, அதை யாரும் கவனிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி மட்டும் கவனித்தாளாம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன்.

"சொல்லியிருந்தா எல்லாரும் பின்னால போய் உக்காந்துக்கினு இருப்பாங்க. அப்பறம் இன்னா ஆவறது?" என்றாள்.

போதகர் வரத் தாமதமானது. நெருக்கி உட்கார்ந்தவர்கள் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பார்கள்? நீயும் மூணே முக்காலுக்கா எழுகிறாய் என்று பெரிய மூப்பர் சகலையைக் கேட்டார். ஆமாம் என்று சொன்ன சகலை, அவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சர்க்கரை வியாதியாம், பசித்தால் இப்படி ஆகுமாம். ஆராதனை முடியாமல் அவர் சாப்பிட மாட்டார், சாப்பிடாமல் மாத்திரை போடக் கூடாது. ஏழு மணி என்றால் தாங்கும். பத்து மணிக்கு ஆரம்பித்தால் மயக்கமாக வரும்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார் சகலை.

"நீ எங்க கேட்ட? பத்துன்னு சொல்லிட்டுப் போயிட்ட" என்றார் அவர்.

பிறகு பெஞ்சிலேயே பேரம் நடந்தது. ஒருவர் ஏழரை என்றார், ஒருவர் ஒன்பதரை என்றார். நான் ஓரத்தில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் பார்த்துக் கொஞ்சம் தள்ளுங்க, அந்தப் பக்கம் பார்த்துக் கொஞ்சம் தள்ளுங்க என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. கால் மணி கால் மணியாக நகர்ந்து கடைசியில் எட்டரையில் வந்து நின்றார்கள். நான் சிங்கக் குரலில் சொன்னபோது ஒருவரும் காதில் வாங்காத அதே எட்டரை. இதை நாங்களே கண்டுபிடித்தோம் என்று இரண்டு பக்கமும் சந்தோஷப்பட்டார்கள்.

பைக் பஞ்சரானதால் போதகர் ஒன்பதரைக்குத்தான் வந்தார். சபை முழுக்க இரண்டாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. மேடையில் யாரும் இல்லை. அவர் வாசலில் நின்று யார் ஆராதனை நடத்துகிறார்கள் என்று தேடினார். போதகரை ஐயர் என்றே கூப்பிடுகிற பெரிய மூப்பர்தான் பதில் சொன்னார்.

"யாரும் நடத்தல ஐயரே. தள்ளி உக்காந்தோம். ஆரம்பிச்சிட்டுது."

போதகர் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு மேடைக்குப் போனார். சேர்ப்புக் கடிதம் எழுதப்படவில்லை.

மத்தியானம் சாப்பாடு போடும்போதுதான் மனைவி சொன்னாள், நீங்கள் ரயிலில் செய்வதைத்தானே அங்கேயும் செய்தீர்கள் என்று. அதுவரை எனக்கு அது தெரியாது. கர்த்தர் என்னை எந்த வகையாகப் படைத்தார் என்பது நாற்பது கேள்வியில் பிடிபடவில்லை. மனைவி சொன்ன ஒரு வரியில் பிடிபட்டது. நம் ஆண்டவர் பிறந்த அன்றும் சத்திரத்தில் இடமில்லை என்றுதான் சொன்னார்கள். அவர் அதற்காக யாரையும் எழுப்பி விரட்டவில்லை. மாட்டுக்குத் தீனி வைக்கிற முன்னணையில் படுத்துக்கொண்டார். உலகம்தான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இடம் கொடுத்தது, இன்னும் முழுதாகக் கொடுத்து முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அப்படித்தான் மூப்பராக இருக்கிறேன். யாரிடமாவது ஒன்றைக் கேட்க வேண்டுமானால் முதலில் நான் அசௌகரியமாக உட்கார்ந்துவிட்டு அப்புறம் கேட்கிறேன். எப்போதும் பலிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருவர் பதினான்கு மாதம் அங்குலம்கூட நகரவில்லை. பிறகு ஒரு நாள் தானாக நகர்ந்தார், ஏன் என்று இன்றும் தெரியாது. ஆராதனை இப்போதும் எட்டரைக்குத்தான். பத்து மணிக்குள் முடிந்துவிடும். பெரிய மூப்பர் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொள்வார்.

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் எழுதினேன் என்றால், இந்தக் கதை ஊரைச் சுற்றி வேறு மாதிரி ஆகிவிட்டது. மாரிகுப்பத்தில் ஒருவர், நான் நடுச்சபையில் முழங்காலிட்டுக் கதறினேன் என்று சொல்லியிருக்கிறார். பங்காருபேட்டையில் பெஞ்சுகள் தானாகவே அசைந்தன என்கிறார்களாம். தொங்கிக்கொண்டிருந்த என் காலில் இருந்த பழைய வலி அன்றோடு போய்விட்டது என்றும் ஒரு கதை இருக்கிறது. வலி போகவில்லை, கால் மரத்துப்போனது, அவ்வளவுதான். கர்த்தர் செய்ததே போதுமானதாக இருக்கிறது, நாம் மேலே ஒன்றும் போட வேண்டாம்.

ஆகவே இதைப் படித்தவர்கள் உங்கள் சபையில் சொல்லுங்கள், வீட்டில் சொல்லுங்கள், ரயிலில் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். பாதி உட்கார்ந்தேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி என்னை முழுதாக உட்கார வைத்துவிடாதீர்கள்.